2-1 எப்படி 1-9ஐ வென்றது?

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் லிமரிக்கின் பொற்காலம் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அகில அயர்லாந்து இறுதிப் போட்டிகளின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 1887இன் முதல் சாம்பியன் லிமரிக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'கமர்ஷியல்ஸ்' என்று ஒரு கிளப்பின் பெயரும் இருக்கிறது. ஜெயித்தது யார்? 1891இல் டப்ளின் 2-1, கார்க் 1-9, வென்றது டப்ளின் என்கிறார்கள். அச்சுப்பிழையா? அப்புறம், ஆட்ட விதியே சரியாக முடிவாகாத காலத்தில் கிடைத்த ஒன்றிரண்டு வெற்றிகளைப் பொற்காலம் என்பது கொஞ்சம் மிகையில்லையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அச்சுப்பிழை இல்லை. முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயிண்ட். இன்றைக்கு ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட். அந்தக் கணக்கில் கார்க்குக்கு 12, டப்ளினுக்கு 7. ஆனால் 1891இல் ஒரு கோல் எத்தனை பாயிண்டையும் விழுங்கிவிடும். கோல் சமமாக இருந்தால்தான் பாயிண்டை எண்ணுவார்கள். கார்க்குக்காக ஆடிய குளோன்ட்ரோஹிட் கிளப்காரர்கள் ஒன்பது பாயிண்ட் எடுத்தும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். 1892இல் கோலுக்கு ஐந்து பாயிண்ட் என்று வைத்தார்கள், 1896இல் அதை மூன்றாகக் குறைத்தார்கள்.

ஜெயித்தது யார் என்ற உங்கள் கேள்விதான் முக்கியம். கிளப்தான் ஜெயித்தது. அன்று கவுண்டி அணி என்று தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அணி கிடையாது. கவுண்டிக்குள் எந்த கிளப் வென்றதோ, அதுவே கவுண்டியின் பெயரில் அயர்லாந்து முழுவதற்குமான போட்டிக்குப் போகும். 1892க்குப் பிறகுதான் வென்ற கிளப் மற்ற கிளப்களிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொள்ளலாம் என்று வந்தது.

சரி, யார் இந்த கமர்ஷியல்ஸ்? பெயரிலேயே இருக்கிறது. லிமரிக் நகரத்துக் கடைச் சிப்பந்திகள், பெரும்பாலும் துணிக்கடையில் நின்றவர்கள். அயர்லாந்தின் பெரிய துணிக்கடைகளில் அன்று சிப்பந்திகளைக் கடையோடேயே தங்கவைக்கும் வழக்கம் இருந்தது. சாப்பாடும் படுக்கையும் முதலாளி கையில். வாரத்தில் ஆறு நாள் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றால் மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. 1884 நவம்பர் 1இல் தர்லஸ் ஊரின் ஹேஸ் ஓட்டலில் மைக்கேல் கியூசாக் கூட்டிய கூட்டத்தில் கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. கனவான்களுக்கு மட்டும் என்றிருந்த தடகள மைதானத்தைக் கூலிக்காரனுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது கியூசாக்கின் பிடிவாதம். அதனால் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது. அந்த ஞாயிறு இல்லாவிட்டால் கமர்ஷியல்ஸும் இல்லை.

1887ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி நடந்தது 1888 ஏப்ரல் 29இல், அதுவும் ஒரு ஞாயிறு. டப்ளின் பக்கத்தில் கிளான்ஸ்கீயில் ஒரு வயல். பக்கத்துக்கு 21 பேர். இன்றுபோல் H வடிவக் கம்பம் இல்லை. கோல் கம்பங்களுக்கு இரு புறமும் தள்ளி இன்னும் ஒவ்வொரு கம்பம் நிற்கும். கோலுக்குள் போகாமல் அந்தப் பக்கவாட்டு இடைவெளியில் பந்து போனால் பாயிண்ட். கமர்ஷியல்ஸ் 1-4, எதிரணி டண்டாக் யங் அயர்லாண்ட்ஸ் 0-3. வயலிலிருந்து 42 பேர் வெளியே வரும்போது முதல் அகில அயர்லாந்து கால்பந்துப் பட்டம் துணிக்கடைக்காரர்கள் கையில் இருந்தது.

டப்ளினிலும் இதே கதைதான். 1891, 1892, 1894 என்று டப்ளின் பெயரில் மூன்று பட்டம் வாங்கியது யங் அயர்லாண்ட்ஸ் கிளப், கின்னஸ் பீர் ஆலைத் தொழிலாளர்களின் அணி. (டண்டாக் அணிக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம்.) அதில் 1894 பட்டம் ஒரு கூத்து. முதல் ஆட்டம் சமன். மறு ஆட்டத்தில் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட, டப்ளின்காரர்கள் தொடர்ந்து ஆட மறுத்துவிட்டார்கள். கடைசியில் பட்டம் அவர்களுக்கே போனது.

மிகையா என்று கேட்டீர்கள். அரசியல் தலைவர் பார்னெல் விவகாரத்தில் நாடே இரண்டாகப் பிளந்து, சங்கமும் தேய்ந்துபோன வருஷங்கள் அவை. போட்டிக்கு வந்த கவுண்டிகள் சொற்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் லிமரிக் 1896க்குப் பிறகு கால்பந்தில் மன்ஸ்டர் மாகாணப் பட்டம்கூட வாங்கியதில்லை. 2004இல் கெர்ரி கவுண்டியோடு சமன் செய்து, மறு ஆட்டத்தில் கோட்டைவிட்டார்கள். இன்று லிமரிக் என்றால் ஹர்லிங் என்ற மட்டையாட்டம்தான். அந்த ஊருக்கு அகில அயர்லாந்து கால்பந்துப் பட்டம் மொத்தமே இரண்டு. இரண்டையும் கொண்டுவந்தது அந்த ஒரே கிளப். இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இரண்டாவது பட்டம் 1896க்கானது, ஆடியது 1898இல். எதிரணி அதே டப்ளின் யங் அயர்லாண்ட்ஸ். கோலுக்கு மூன்று பாயிண்ட் என்ற புதுக் கணக்கு. டப்ளின் 0-7, கமர்ஷியல்ஸ் 1-5. கூட்டிப் பாருங்கள், எட்டுக்கு ஏழு. 1891இல் கோல் கணக்கால் கார்க்கைத் தாண்டிய அதே கிளப், இந்தமுறை இரண்டு பாயிண்ட் கூடுதலாக எடுத்தும் ஒரு கோலால் தோற்றது.