377-ஐ வைத்து யாரைத் தண்டித்தார்கள்?

கேள்வி: "சட்டப்பிரிவு 377 எங்கிருந்து வந்தது? அதில் தண்டனை பெற்றவர்களே ரொம்பக் குறைவு என்கிறார்கள், அப்புறம் ஏன் இத்தனை வருடப் போராட்டம்?"

ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்தப் பிரிவு வந்தது இங்கிலாந்திலிருந்து. அதுவரை தேவாலய நீதிமன்றங்கள் பாவமாக விசாரித்த "இயற்கைக்கு மாறான" உடலுறவை, எட்டாம் ஹென்றியின் ஆட்சி 1533-ல் மரண தண்டனைக் குற்றமாக்கியது. 1835-ல்கூட லண்டனில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். இங்கே பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே 1837-ல் வரைவு எழுத, அது 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. "இயற்கைக்கு மாறான" உடலுறவு என்றால் ஆயுள் தண்டனை, அல்லது பத்தாண்டு வரை சிறை. சம்மதம் இருந்ததா என்ற பேச்சே கிடையாது.

எது இயற்கைக்கு மாறானது என்று பிரிவு சொல்லவில்லை. நீதிபதிகள்தான் நிரப்பினார்கள். 1925-ல் சிந்து நீதிமன்றம், கருத்தரிக்க வாய்ப்பில்லாததெல்லாம் இதில் அடங்கும் என்கிற அளவுக்குப் போனது. அந்தக் கணக்கில் கல்யாணமான பாதிப் பேர் உள்ளே போயிருக்க வேண்டும்!

1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கைப் பாருங்கள். அவர் பெண் உடையில் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர். பிடித்துப்போய் டாக்டரை வைத்து உடலைச் சோதித்து, கீழ்க் கோர்ட்டில் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். எங்கே, எப்போது, யாரோடு குற்றம் நடந்தது என்று எதுவுமே இல்லையே என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. கணக்கில் பார்த்தால் தண்டனை இல்லை. அவர் பட்ட அவமானம் எந்தக் கணக்கில் சேரும்?

நான் பெங்களூரு மேயோ ஹால் கோர்ட் பக்கம் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். அல்சூர்த் தமிழ்ப் பையன் ஒருவன் சீனியரைப் பார்க்க வந்தான். கப்பன் பார்க்கில் சாயங்காலம் இன்னொருவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். காக்கிச் சட்டையில் இருவர் வந்து 377 என்று மிரட்டி, பர்ஸைக் காலி செய்து, ஏ.டி.எம். வரைக்கும் கூட்டிப்போய் மிச்சத்தையும் எடுக்க வைத்திருக்கிறார்கள். புகார் எழுதலாம் என்றேன். "கேஸ் எல்லாம் வேணாம்ணா. அம்மாவுக்குத் தெரியாம இருந்தா போதும்" என்றான். எஃப்.ஐ.ஆர். இல்லை, வழக்கு எண் இல்லை. இந்தச் சட்டம் பெரும்பாலும் ஓடியது இப்படித்தான்.

அதனால்தான் 2013 தீர்ப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் நடந்துகொள்வது குற்றமில்லை என்று சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, 150 ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவானவர்கள்தான் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது. போலீஸ் தவறாகப் பயன்படுத்துகிறது என்பதற்காகச் சட்டம் செல்லாது என்றாகிவிடாது என்றும் எழுதியது. அல்சூர்ப் பையன் அந்த 200-க்குள் எப்படி வருவான்?

பிறகு வழி திறந்ததில் எங்கள் ஊருக்கும் பங்குண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதார் விஷயமாகப் போட்ட வழக்கில்தான், 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2013 தீர்ப்பையும் அங்கேயே விமர்சித்தார்கள். 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, சம்மதத்தோடு நடப்பதை 377-லிருந்து விலக்கினார்கள். பலவந்தம், சிறுவர்கள், விலங்குகள் சம்பந்தப்பட்ட பகுதி அப்படியே நீடித்தது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பகுதியையும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். புதுச் சட்டத்திலும் பாலியல் வன்கொடுமை என்பது ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டும்தான். ஆகவே இன்று வயது வந்த ஓர் ஆணைப் பலவந்தப்படுத்தினால், காயப்படுத்தியது, அடைத்துவைத்தது என்று வேறு பிரிவுகளைத்தான் தேட வேண்டும். அந்தத் தேதிக்கு முன் நடந்த பலவந்தம் என்றால் பழைய 377-லேயே வழக்குப் போடலாம்.