தொடர்மாடியின் வெக்கையும் மின்பட்டியலும்: கேள்வி பதில்

கொழும்பு, பம்பலப்பிட்டி வாசகி: ஐயா, எங்கள் பழைய தொடர்மாடியில் மின்செலவைக் குறைப்பதற்காக எல்லா வீடுகளிலும் கருத்துக் கேட்கவிருக்கிறோம். எதைக் கேட்க வேண்டும்?

பதில்: திருப்தியா என்று கேட்காதீர்கள், அந்த விடையை வைத்து எந்த வேலையையும் தொடங்க முடியாது. எந்த அறை, எத்தனை மணிக்கு வெக்கையாகிறது என்று கேளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு என்பவர்களின் அறைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கமாக இருக்கும். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயிலை உள்திரை பெரிதாகத் தடுக்காது என்பதால், அங்கே யன்னலுக்கு வெளியே நிழல் அமைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கும் உறங்க முடியவில்லை என்று மேல்மாடியில் இருப்பவர் சொன்னால், பகலெல்லாம் சூடேறிய கொங்கிரீட் கூரை அந்தச் சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது என்று பொருள். நீர்க்கசிவைச் சரிசெய்துவிட்டு, கூரையில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சுப் பூசுங்கள். உங்கள் பகுதியில் தென்மேல் பருவக்காற்றும் மாலை வெயிலும் ஏறத்தாழ ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன. ஆகவே காற்று நுழைய இடைவெளியுள்ள சாய்வுத் தடுப்பே பொருந்தும். யன்னலை முழுதாக அடைத்தால் மின்விசிறிதான் கூடுதலாக ஓடும்.

வெள்ளவத்தை வாசகர்: மின்பட்டியலின் தொகையைக் கேட்டால் போதாதா?

பதில்: போதாது. 2022இலிருந்து கட்டணம் பல தடவை மாறியிருப்பதால், பன்னிரண்டு மாத அலகுகளைக் கேளுங்கள். வீட்டுப் பாவனை மாதத்துக்கு 60 அலகைத் தாண்டும்போது முதல் அலகிலிருந்தே வேறு கட்டண வரிசை பொருந்துகிறது. 65 அலகு பாவிக்கும் வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறி நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22½ அலகு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி (BLDC) விசிறி என்றால் 9 அலகு. அந்த ஒரு மாற்றமே அவ்வீட்டை எல்லைக்குக் கீழே கொண்டுவரும். முதலில் உதவ வேண்டியது இத்தகைய வீடுகளுக்கே.

மாளிகாவத்தை வாசகர்: படிக்கட்டு விளக்கு, நீர்ப்பம்பி போன்றவற்றுக்கான பொது மின்மானியைப் பற்றிக் குடியிருப்போருக்கு என்ன தெரியும்?

பதில்: காவலாளிக்குத் தெரியாததும் தெரியும். நள்ளிரவில் யாரும் தண்ணீர் பாவிக்காத வேளையில் நீர்ப்பம்பி இயங்கும் சத்தம் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், மேல்தொட்டியின் மிதவை வால்வையும் குழாய்க் கசிவையும் உடனே பாருங்கள். படிக்கட்டில் பகலிலும் எரியும் விளக்கையும் அவர்களே காட்டித்தருவார்கள். பழைய சோக்குடன் 45 வாட் இழுக்கும் குழல்விளக்கு, இரவில் மட்டும் 12 மணிநேரம் எரிந்தாலே மாதம் 16 அலகு. 18 வாட் எல்ஈடி 6½ அலகுதான்.

கொட்டாஞ்சேனை வாசகி: வாடகைக்கு இருப்போர் பதில் சொல்லத் தயங்குகிறார்கள்.

பதில்: பெயரும் வீட்டிலக்கமும் வேண்டாம், மாடியும் திசையும் போதும். தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள். முதியோரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

தெகிவளை வாசகர்: கூரைப் பூச்சுக்கு யார் பணம் கொடுப்பது? பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

பதில்: 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்கீழ் பதிவான கட்டடமாயின், கூரை பொது உடைமை. அதைப் பராமரிப்பது, வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. மேல்மாடிக்காரரிடம் மட்டும் அறவிடுவது நியாயமன்று. பலனை அறிய, சூரியன் உச்சிக்கு வரும் ஏப்ரலில் அதே கேள்விகளை மீண்டும் கேட்டு, முந்தைய ஏப்ரலின் விடைகளோடும் அலகுகளோடும் ஒப்பிடுங்கள். ஏப்ரலை டிசம்பரோடு ஒப்பிட்டால் பருவத்தின் வேறுபாடு பூச்சின் பலனாகத் தோன்றிவிடும்.