தொடாமல் சூடு பார்ப்பது: வாசகர் கேள்விகள்

மின்அடுப்பில் ஸ்டீல் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் காட்டினால் 40 டிகிரி என்கிறது. கருவி பழுதா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. பாத்திரத்தின் பளபளப்புதான் காரணம்.

எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை விடுகிறது. சாதாரணக் கருவிகள் அதில் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைநீளத்தைப் பிடித்துக் கணக்குப் போடுகின்றன. ஆனால் ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பரப்பும் ஒரே அளவு கதிர் விடாது. அந்தத் திறனை 0 முதல் 1 வரை சொல்லும் எண்தான் எமிசிவிட்டி. தோல், பெயின்ட், தண்ணீர் எல்லாம் 0.9-க்கு மேல். துலக்கி வைத்த ஸ்டீலுக்கு 0.1-ஐ ஒட்டித்தான். உங்கள் கருவியோ எதைப் பார்த்தாலும் 0.95 என்றே எடுத்துக்கொள்கிறது. பாத்திரம் விடுவது கொஞ்சம். அதோடு எதிரே 30 டிகிரியில் இருக்கும் சுவரும் கூரையும் கண்ணாடியில் தெரிவதுபோல் அதில் பிரதிபலிக்கின்றன. இரண்டும் கலந்தால் 40-தான் வரும். சந்தேகமிருந்தால் பாத்திரத்தின் எதிரே எரியும் குண்டு பல்பு ஒன்றைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பாத்திரத்தின் சூடு மாறாமலே எண் ஏறும்.

செய்ய வேண்டியது: பக்கவாட்டில் கையகலத்துக்கு வெப்பம் தாங்கும் மேட் கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் அந்த இடத்தை அளங்கள். 80 டிகிரிக்குள் என்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பே போதும். காற்று புகாமல் அழுத்தி ஒட்டி, சூடு ஏற இரண்டு மூன்று நிமிடம் விடவும். எமிசிவிட்டியை மாற்றும் வசதி இருந்தால் 0.1 என்று வைத்துத் தப்பிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அவ்வளவு குறைந்த எண்ணில் பிரதிபலிப்பு சற்று மாறினாலும் விடை பத்துப் பதினைந்து டிகிரி தாவும்.

மோட்டார் பேரிங்கில் லேசர் புள்ளி சரியாக விழும்படி 3 மீட்டர் தள்ளி நின்று அளந்தேன். கை வைத்தால் சுடுகிறது, கருவி குறைவாகக் காட்டுகிறது.

லேசர் அளப்பதில்லை, குறி பார்க்க மட்டும்தான். கருவி பார்ப்பது அந்தப் புள்ளியைச் சுற்றிய ஒரு வட்டம். கருவியின் மேல் 12:1 என்று அச்சிட்டிருந்தால், 12 பங்கு தூரத்தில் வட்டத்தின் விட்டம் 1 பங்கு. 3 மீட்டரில் அது 25 செ.மீ. உங்கள் பேரிங் மூடி 8 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இடம்தான் அதற்கு. மற்றது பின்னால் இருக்கும் குளிர்ந்த இரும்பும் சுவரும். எல்லாவற்றின் சராசரியைத்தான் கருவி காட்டியது.

வட்டத்தைப் போல இரு மடங்காவது பொருள் இருக்க வேண்டும். 8 செ.மீ. மூடிக்கு வட்டம் 4 செ.மீ., அதாவது அரை மீட்டருக்குள் வாருங்கள். சுழலும் பாகத்தில் கையோ துணியோ மாட்டாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். கூடியவரை நேருக்கு நேர் காட்டுங்கள்; 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கணக்குக் கெடும். மிக அருகில் போனால் இன்னொரு சிக்கல்: லேசர் லென்ஸுக்கு மேலோ கீழோ இருந்து கிளம்புவதால், புள்ளி ஓரிடம், அளவு வேறிடம் ஆகிவிடும்.

ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே அளக்கலாமா?

முடியாது. இந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி ஒரு சுவர். கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

பட்டறைக் கருவியால் காய்ச்சல் பார்க்கலாமா?

கூடாது. அது தோலின் மேற்பரப்புச் சூட்டை அப்படியே சொல்லும். நல்ல உடம்புக்கே நெற்றி 33, 34 என்று வரும். பிழையும் பெரும்பாலும் 2 டிகிரி வரை போகும், காய்ச்சலையே அது மறைத்துவிடும். நெற்றிக்கென்று செய்த கருவி தோல் சூட்டை உடல் சூடாக மாற்றிக் காட்டுகிறது. அதிலும் வியர்வையைத் துடைத்து, முடியை ஒதுக்கி, வெயிலிலிருந்து வந்தவரை அரைமணி உட்காரவைத்த பிறகே அளக்க வேண்டும்.

வீட்டிலேயே கருவியைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. அகலமான டம்ளரில் நொறுக்கிய ஐஸை விளிம்புவரை நிரப்பி, இடைவெளி மறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடம் கழித்து மீண்டும் கலக்கி, எமிசிவிட்டி 0.95 அல்லது 0.97-இல், வட்டம் டம்ளருக்குள் அடங்கும்படி மேலிருந்து நேராக மூன்று முறை அளங்கள். லென்ஸில் பனி படியாதபடி சட்டென்று எடுத்துவிட வேண்டும். மூன்று முறையும் 0-ஐ ஒட்டி, கருவியின் கையேட்டில் சொன்ன பிழைக்குள் வந்தால் சரி.

வரவில்லையா? குளிர்சாதன அறையிலிருந்தோ வெயிலிலிருந்தோ அப்போதுதான் எடுத்து வந்த கருவி என்றால், அதன் உள்சூடு நிலைக்க 20 முதல் 30 நிமிடம் அதே இடத்தில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விலகினால் லென்ஸில் தூசியோ கைரேகையோ இருக்கும். முதலில் ஊதி எடுத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் துடைத்து, காய்ந்தபின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.