கேளுங்கள், சொல்கிறோம்: எது ஆர்.பி.ஜி.?

கேள்வி: வீடியோ கேமில் வாளும் அரக்கனும் இருந்தாலே ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு கேரக்டராக மாறி ஆடும் விளையாட்டு) என்கிறார்கள். ஆனால் ‘செல்டா’ ஆர்.பி.ஜி. இல்லை என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். எப்படிப் பிரிப்பது? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: நண்பன் சொல்வதுதான் சரி. சண்டையில் ஜெயிப்பது உங்கள் விரலா, கேரக்டரின் எண்களா என்று பாருங்கள். எண்கள் என்றால் ஆர்.பி.ஜி. 1986-ல் வந்த முதல் ‘செல்டா’வில் எத்தனை எதிரியை வீழ்த்தினாலும் அனுபவப் புள்ளி கிடையாது, இதயத்தையும் வாளையும் தேடி எடுத்தால்தான் பலம். அதே ஆண்டு வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில் ‘தாக்கு’ என்று தேர்ந்தெடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. எவ்வளவு அடி விழும் என்பது வலு, ஆயுதம், எதிரியின் தற்காப்பு ஆகிய எண்களின் கணக்கு.

கேள்வி: ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்கும் மேற்கத்திய ஆர்.பி.ஜி.க்கும் அடிப்படை வித்தியாசம் என்ன? (வாசகி, ஈரோடு)

பதில்: வேர் ஒன்றுதான். 1974-ல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பகடை விளையாட்டிலிருந்து ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ போன்ற கம்ப்யூட்டர் கேம்கள் பிறந்தன. அவற்றை ரசித்த ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர் யூஜி ஹோரி ‘டிராகன் குவெஸ்ட்’டை உருவாக்கினார். அது ஓடிய ‘ஃபேமிகாம்’ என்ற நின்டெண்டோ கேம் கருவியின் கன்ட்ரோலரில் கீபோர்டு ஏது? அதனால் எல்லாமே மெனுவுக்குள் போனது. ஆட்டத்தைச் சேமிக்கவும் வழியில்லை. ஊர் ராஜா சொல்லும் 20 எழுத்து மந்திரத்தைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த முறை உள்ளிட வேண்டும். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தால் அத்தனை உழைப்பும் போச்சு.

ஜப்பானிய பாணியில் நாயகன் பெரும்பாலும் கதாசிரியர் படைத்தவன். எண்கள் அவனை வளர்க்கும். மேற்கத்திய பாணியில் கேரக்டரை உருவாக்குவது நீங்கள். எண்கள் உங்களுக்கான கதவைத் திறக்கும், சாத்தும். 1997-ன் ‘ஃபால்அவுட்’டில் அறிவை 3-க்குக் கீழே வைத்துப் பாருங்கள்: உங்கள் ஆளுக்குக் கோர்வையாக ஒரு வாக்கியம்கூடப் பேச வராது.

‘பால்டர்ஸ் கேட் 3’-ல் இந்தக் கணக்கு கண்முன்னே நடக்கும். காவலனைப் பேசி மசிய வைக்க, பகடையில் விழும் எண்ணும் உங்கள் கூடுதல் புள்ளிகளும் சேர்ந்து 15-ஐத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரிஸ்மா (பிறரைக் கவரும் திறன்) 16 என்றால் +3, பேச்சில் பயிற்சி இருந்தால் தொடக்கத்தில் +2. ஆக, 20 முகப் பகடையில் 10 விழுந்தாலே போதும். வாய்ப்பு 55 சதவீதம். கரிஸ்மா 10, பயிற்சியும் இல்லை என்றால் 15 விழ வேண்டும்; 30 சதவீதம்தான். எல்லாவற்றுக்கும் சமமாகப் புள்ளி பங்கிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு குணங்களை உயர்த்துங்கள், மற்றதைக் கூட்டாளிகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜப்பானிய கேமில் தவறு வேறு மாதிரி. ‘பெர்சோனா 5’-ல் தோற்றவுடன் லெவல் ஏற்றவே ஓடுகிறார்கள். அதற்கு முன் எதிரியின் பலவீனம் நெருப்பா, பனியா, மின்னலா என்று சோதியுங்கள். சரியான இடத்தில் அடித்தால் எதிரி விழுவான், உங்களுக்கு இன்னொரு முறை தாக்க வாய்ப்பு கிடைக்கும். எல்லா எதிரியும் விழுந்தால் குழுவே சேர்ந்து பாயலாம்.

கேள்வி: ‘டார்க் சோல்ஸ்’ ஜப்பானில் செய்ததுதானே, அது எந்தப் பக்கம்? (வாசகர், மதுரை)

பதில்: பிறந்தது டோக்கியோவில், பாணியில் மேற்குக்கே நெருக்கம். விரல் வேகம் முக்கியம்தான், ஆனால் எண்களை மீற முடியாது. ‘ஸ்வைஹேண்டர்’ வாளை ஒரு கையில் வீச வலு 24 வேண்டும். இரு கையால் பிடித்தால் உங்கள் வலு ஒன்றரை மடங்காகக் கணக்காகும்; 16 இருந்தாலே போதும்.