தாலி கட்டும் நேரத்தில் படம் தவறியது பற்றி

அக்கா கல்யாணத்தில் 50 எம்எம் லென்ஸோடு நின்றும் தாலி கட்டும்போது வீடியோக்காரர் முதுகுதான் விழுந்தது, மற்ற படங்களில் கறுப்புப் பட்டைகள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்தது.

பட்டைகளுக்குக் காரணம் பெரும்பாலும் மண்டபத்து எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். சத்தமில்லாமல் படமெடுக்கும் சைலண்ட் ஷட்டரை அணைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/100 நொடி வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 3200 போனாலும் பயப்படாதீர்கள். பறக்கும் அட்சதை கொஞ்சம் கோடாக விழும், அதுவும் அழகுதான்.

இடம்தான் பெரிய விஷயம். முடிச்சை எல்லோரும் எடுப்பார்கள், அதற்காக முன்னால் முட்டி மோத வேண்டாம். மணமேடையின் பக்கவாட்டில், பெண்ணின் அப்பா அம்மா முகம் தெரிகிற மூலையில் கால் மணி நேரம் முன்பே நின்றுவிடுங்கள். ஐயர் 'கெட்டிமேளம்' என்றதும் தவில் வேகமெடுக்கும். அந்த நேரம் கண்ணை மூடி அழுகிற அம்மாவை யாரும் எடுப்பதில்லை. பல வீடுகளில் பின்னால் நின்று மூன்றாம் முடிச்சு போடும் நாத்தனாரின் விரல்களையும்தான்.

மேளம் அடங்கியதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். இறுக்கம் தளர்ந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் நிதானமாகப் பார்ப்பது அப்போதுதான். என்னிடமுள்ள நல்ல படங்களில் பாதி அந்த அரை நிமிடத்தில் எடுத்தவை.

அடுத்த மாதம் சித்தி மகன் கல்யாணம் என்றீர்களே, வீடியோக்காரரிடம் காலையிலேயே பேசி அவர் எங்கே நிற்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.