மா. கிருஷ்ணன் முன்னோடியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய கட்டுரை ஒன்றில் மா. கிருஷ்ணனைச் சூழலியல் முன்னோடி என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஆங்கிலத்தில், அதுவும் கல்கத்தா பத்திரிகைக்குத்தானே எழுதினார்? தமிழில் அவருக்கு என்ன இடம்? போராட்டம் எதுவும் நடத்தாமல், பறவை பார்த்து எழுதியவரை முன்னோடி என்பது மிகையாகப் படுகிறது.

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள ச.,

கிருஷ்ணன் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. அவர் தமிழிலும் எழுதியிருக்கிறார். சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். ஒரு துப்பறியும் நாவல்கூட உண்டு.

ஆனால் அதிகம் எழுதியது ஆங்கிலத்தில்தான். இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி என்று பல வேலைகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். நீங்கள் சொன்ன கல்கத்தா பத்திரிகையான ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரி 18 அன்று இறக்கும்வரை எழுதினார். 46 வருஷம்! கூடவே கோட்டோவியமும் அவரே வரைவார்.

அந்தப் பத்தியில் யானையும் புலியும் வரும். அதே அக்கறையோடு காக்கையும் அணிலும் வரும். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று பள்ளியில் படித்தவன்தான் நானும். ஆனால் கிருஷ்ணனைப் படித்த பிறகுதான், எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஒரு காக்கை குயில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை முதல்முறை பார்த்தேன். அந்த மரத்தடியில் இருபது வருஷமாக நடந்துகொண்டிருந்தேன். பறவை பார்த்து எழுதுவது சின்ன வேலை என்று நீங்கள் சொன்னது எனக்கு வருத்தமாக இருப்பது அதனால்தான்.

சரி, முன்னோடி என்றதற்கு வருகிறேன். கிருஷ்ணன் தாவரவியல் படித்தவர். விலங்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது வாழும் மண்ணுக்கு உரிய செடிகொடிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அழகுக்காகவும் நிழலுக்காகவும் அயல்நாட்டு மரங்களை நடுவதை விடாமல் எதிர்த்தார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் நிலமும் மரஞ்செடியும் உயிரினங்களும்தான் என்பது அவருடைய வாதம். ‘மரம் நட்டால் நல்லதுதானே’ என்று எல்லோரும் சொன்ன காலம் அது. அப்படி அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியை முதுமலையிலும் சீகை மரத்தை நீலகிரியிலும் இன்று அரசே செலவழித்து அகற்றிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், அவர் வெறுமனே எழுதிக்கொண்டிருந்தவரும் அல்ல. 1960களில் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகப் போய் ஆராய்ந்தார். முதுமலையில் வளர்ப்பு யானை மேல் அமர்ந்து காட்டு யானைக் கூட்டத்தை நெருங்கிப் படமெடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. கேமராவைக்கூடப் பல பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்டார். மத்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

உங்களுக்குக் கூந்தன்குளம் பக்கம்தான். வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்ட, ஊர்க்காரர்களே அவற்றைப் பாதுகாக்கும் இடம். பிப்ரவரியில் ஒரு காலைப்பொழுது ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்போடு அங்கே போய் உட்காருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.