கோலம் கோணலாகத் தெரிகிறதா? – கண் நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 59 வயது. 14 வருடமாகச் சர்க்கரை நோய். ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் தெளிவு வரவில்லை. போன வாரம் வாசலில் நான் போட்டிருந்த கோலத்தைப் பார்த்து, "என்ன இது, கோடெல்லாம் நெளிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார். கோலம் நேராகத்தான் இருந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "கண்ணாடிக் கடைக்காரன் பவரைத் தப்பாப் போட்டுட்டான், வேற ஒண்ணுமில்ல" என்கிறார். அவரை எப்படிக் கிளப்புவது? அங்கே போய் என்ன கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பவர் சரியில்லை என்றால் பொதுவாக எழுத்து மங்கும், தலை வலிக்கும். நேர்கோடு நெளிந்து தெரிகிறது என்றால் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோத்திருக்கலாம். பல வருடச் சர்க்கரையால் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. கசிந்த நீரில் விழித்திரை உப்புகிறது. ஈரம் ஏறிய காகிதத்தில் கோடு கோணுவது போல, பார்க்கும் கோடும் கோணுகிறது. இந்த வாரமே காட்டிவிடுங்கள். பண்டிகை முடியட்டும் என்று தள்ள வேண்டாம்.

அவர் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண், கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். அதனால் வாதம் செய்யாமல் அவருக்கே காட்டிவிடுங்கள். கட்டம் போட்ட மாதக் காலண்டரைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 30 செ.மீ. தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால், அழுத்தாமல், மூட வேண்டும். நடுவில் உள்ள ஒரு தேதியை மட்டும் பார்த்தபடி, சுற்றியுள்ள கட்டங்கள் நேராக இருக்கின்றனவா, எங்காவது வளைகிறதா, ஒரு மூலை காணாமல் போகிறதா, கறை மாதிரி தெரிகிறதா என்று சொல்லட்டும். பிறகு அடுத்த கண். எந்தக் கண்ணில், எந்தப் பக்கம் என்று அன்றைய தேதியிலேயே குறித்துவையுங்கள். கட்டம் நேராகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். ஆரம்பநிலைச் சர்க்கரைக் கண்நோய் எந்த அறிகுறியும் காட்டாது. உங்களுக்கும் 40 வயது தாண்டியிருந்தால், "எனக்கும் பார்க்கணும், சேர்ந்தே போவோம்" என்று சொல்லுங்கள். உங்கள் கண்ணையும் பார்க்க வேண்டியது அவசியம்தான்.

கண்ணாடி விஷயத்தில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் உப்பி வடியும், பவரும் கூடவே மாறும். சில வாரமாவது சர்க்கரை ஒரே சீராக இருந்த பிறகுதான் புதுக் கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

போகும்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிப்போர்ட்டுகள், எல்லா மாத்திரை அட்டைகள், பழைய, புதிய கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையில் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது மாக்குலா வீக்கத்தைக் கூட்டக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் 4 முதல் 6 மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். டூவீலரை வீட்டில் விட்டுவிடுங்கள். காத்திருக்கும் நேரம் நீளும் என்பதால் சாப்பாடும் வேளை மாத்திரையும் கையில் இருக்கட்டும். ஊசியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்து, வரிசையிலேயே சர்க்கரை இறங்கி மயங்கிப்போகும் ஆபத்து உண்டு.

விழித்திரையைப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் ஊசி, வலி எதுவும் கிடையாது. தாடையை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாக்குலாவின் நடுத் தடிமன் எத்தனை மைக்ரான் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இயல்பாக ஏறக்குறைய 250 இருக்கும். அடுத்த தடவை ஒப்பிட அந்த எண் வேண்டும். சிகிச்சை கண்ணில் போடும் ஊசியா, லேசரா, எத்தனை தடவை, மொத்தச் செலவு எவ்வளவு, மற்றக் கண்ணின் நிலை என்ன என்பதையும் கேளுங்கள்.

ஊசி என்றதும் பலர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் மரத்துப்போகச் சொட்டு விட்டு, அயோடின் மருந்தால் கழுவி, இமையைக் கிளிப்பால் பிரித்து, வெள்ளைவிழியின் ஓரத்தில் சில நொடியில் போட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்று வீதம் பல ஊசிகள். முதல் ஊசியில் தெளிந்ததும் நிறுத்தினால் மறுபடி நீர் கோக்கும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். அடுத்த தேதி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். வெள்ளைவிழியில் ரத்தச் சிவப்புத் திட்டு வந்தால் ஓரிரு வாரத்தில் மறையும். ஓரிரு நாள் கறுப்புக் குமிழி மிதப்பதும் சாதாரணம். ஆனால் ஊசி போட்ட முதல் வாரத்தில் வலி கூடிக்கொண்டே போவது, கண் மேலும் சிவப்பது, பார்வை இறங்குவது ஆகியவை தொற்றின் அடையாளம். அன்றைக்கே, அந்த மணிக்கே போக வேண்டும்.

இன்சுலின் அவரே போட்டுக்கொள்கிறார் என்றால் அளவை நீங்கள் ஒருமுறை பாருங்கள். ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மாற்றி எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ போகும்.

கேள்வி: கண்ணில் என்ன வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: விளக்கை அணைத்தது போல ஒரு கண்ணில் வலியில்லாமல் பார்வை போனால், அது கண்ணுக்கு வந்த பக்கவாதமாக இருக்கலாம். பக்கவாத சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். சில நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டாலும் போக வேண்டும். ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் சிகிச்சைக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். மின்னல் வெட்டுவது போல வெளிச்சம், திடீரென்று கொசுக்கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது எல்லாம் விழித்திரை கிழிவதன் அடையாளமாக இருக்கலாம். திரை நடுவை எட்டும் முன் போய்விட வேண்டும். கண் சிவந்து கடுமையாக வலித்து, வாந்தி வந்து, பல்பைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் கண் நீர் அழுத்தம் திடீரென ஏறியிருக்கும். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவதால் கண் போகிறது.

கேள்வி: என் மனைவிக்கு 52 வயது. கண் நீர் அழுத்தத்துக்கு இரண்டு சொட்டு மருந்து. நான்தான் விடுகிறேன். பாதி கன்னத்தில் வழிகிறது. ஒரு பாட்டில் 15 நாளில் காலி. பார்வையும் கூடவில்லை. மருந்து மாற்றியதிலிருந்து அவளுக்கு இளைப்பும் அதிகமாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் இளைப்பு. பாட்டிலில் டிமோலால் என்று இருக்கிறதா பாருங்கள். பல கூட்டு மருந்துகளிலும் அது சேர்ந்திருக்கும். கண்ணில் விட்ட டிமோலால் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. இன்றே கண் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், வேறு மருந்துகள் இருக்கின்றன. மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி சொட்டு விடும் முறை. கையைக் கழுவி, மனைவியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். கீழ் இமையைச் சற்று இழுத்தால் சின்னப் பை போல விரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் கண்ணில் இடமில்லை, இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். அடுத்த மருந்து 5 நிமிடம் கழித்து. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள்; பெரும்பாலான மருந்துகளை 28 நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது.

பார்வை இனி கூடப்போவதில்லை என்பதை மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் மருந்து. இது தெரியாததால் பலர், பயனில்லை என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பரிசோதனை அவசியம்.

கேள்வி: என் கணவருக்கு 71 வயது. மாக்குலா தேய்ந்து இரு கண்ணும் மங்கல். இரண்டு மாதமாக, அந்திநேரத்தில் கூடத்தில் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதாகச் சொல்கிறார். பேச்சும் இல்லை, சத்தமும் இல்லையாம். "இல்லாத பிள்ளைங்கன்னு எனக்கே தெரியுது" என்கிறார். நாத்தனார் மந்திரிக்கச் சொல்கிறார், மகன் மனநல டாக்டரிடம் போகலாம் என்கிறான்.
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: நீங்கள் எழுதியது சார்லஸ் போனே நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. 1760-இல் போனே என்ற சுவிஸ் அறிஞர், பார்வை மங்கிய தன் தாத்தா கண்ட காட்சிகளை எழுதிவைத்தார். அதனால் அந்தப் பெயர். கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்ததும் மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரைகிறது. சின்ன உருவங்கள், முகங்கள், பூ வேலைப்பாடு, கட்டங்கள் தெரியும். அறிவு தெளிவாகவே இருக்கும். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார்களோ என்று பயந்து பலர் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. உங்களிடம் சொன்னாரே, அது நல்லது. கண் டாக்டரிடமும் சொல்லுங்கள். உருவங்கள் பேசினாலோ, அவை நிஜம் என்று அவர் நம்பினாலோ, பெயர், நாள் குழம்பினாலோ, கை நடுங்கினாலோ நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காட்சி வரும்போது விளக்கைப் போடுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகச் சில முறை ஓட்டச் சொல்லுங்கள். எழுந்து நடப்பதும், உருவம் நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பதும் கலைத்துவிடும். அந்தி மங்கலுக்கு முன்பே கூடத்து விளக்கு எரியட்டும்.

வெள்ளைத் தட்டில் இட்லியும் பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் சோறும் அவர் கண்ணுக்குப் பிடிபடாது. வாழையிலையில் வையுங்கள், ஒவ்வொரு பருக்கையும் தனியாகத் தெரியும். இலை இல்லாத நாளில் கரும்பச்சை அல்லது கருநீலத் தட்டு. மோரை அடர்நிற டம்ளரிலும் கடுங்காப்பியை வெள்ளைக் கோப்பையிலும் கொடுங்கள். படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவு மாத்திரைக்கு இரண்டு. நாற்காலியை இடம் மாற்றினால் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அவர் வழக்கமாகச் செய்யும் வேலையைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டிக்கொடுத்தாலே பாதி முடியும்.

கண்ணாடி போட்டும் இரு கண்ணிலும் பார்வை 6/24 (மற்றவர் 24 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிற நிலை) அல்லது அதற்கும் குறைவு என்றால் 40 சதவீத ஊனச் சான்றுக்கு வழி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதார், புகைப்படம், கண் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.